யொகான்சனும் போஞ்சி விதையும்

விதைக்கென எடுத்து வைக்கும்பொழுது கமக்காரர் பெரும்பாலும் திரட்சியான மணிகளையே நாடுவர். நெல்லிற் கனத்த மணியும், போஞ்சியிலும் பயற்றையிலும் பருத்த விதையும் அடுத்த போகத்துக்கென ஒதுக்கப்படும். பெரிய விதையிலிருந்து பெரிய விதை தோன்றும், ஆண்டுதோறும் பெரியதையே தெரிந்து விதைத்து வந்தால் அவ்வர்க்கம் மேன்மேலும் சிறப்படையும் என்னும் நம்பிக்கை பல நாடுகளிலும் நெடுங்காலமாக நிலவி வந்தது. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்திற் பொய்த்துப் போகின்றது என்பதைத் தராசையும் பொறுமையையும் துணையாகக் கொண்டு காட்டியவர் டென்மார்க்கு நாட்டவராகிய வில்லெம் லுட்விக் யொகான்சன் ஆவர். பரம்பரையைப் பற்றிய அறிவியலாகிய பிறப்புரிமையியலை நிலைநாட்டிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர். இவர் ஆராய்ந்தது வீட்டுத் தோட்டங்களில் விளையும் சாதாரண போஞ்சியே. ஆயின் அதிலிருந்து அவர் கண்ட உண்மை நெல், கோதுமை முதலிய பயிர்கள் பலவற்றின் விதைத் தெரிவுக்கு அடிப்படையாயிற்று.

இளமையும் கல்வியும்

யொகான்சன் 1857 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 3 ஆந் திகதி கொப்பனேகன் நகரிற் பிறந்தார். தந்தையார் டென்மார்க்குப் படையில் ஓர் அதிகாரி. மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் கற்பிப்பதற்குக் குடும்பத்தின் வருவாய் போதவில்லை. ஆகவே 1872 ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், அவர் மருந்துக்கடை ஒன்றிற் பயிலுநராகச் சேர்ந்தார். மருந்துச் சரக்குகளை நிறுத்தலும் அளத்தலும் கலத்தலும் அவருடைய அன்றாட வேலையாயின. டென்மார்க்கிலும் செர்மனியிலும் இவ்வாறு தொழில் புரிந்துகொண்டே தாவரவியலையும் இரசாயனத்தையும் தாமாகவே கற்று, 1879 ஆம் ஆண்டில் மருந்தாளர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

1881 ஆம் ஆண்டில் கொப்பனேகனிலுள்ள கால்சுபேர்க்கு ஆய்வுகூடத்தில் அவருக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. மதுவடிசாலை உரிமையாளர் ஒருவர் 1875 ஆம் ஆண்டில் நிறுவிய ஆய்வுகூடம் அது. அங்கே இரசாயனப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் கெல்டால் என்பவர். தானியங்களிலும் மண்ணிலும் உள்ள நைதரசனின் அளவைக் காண்பதற்கு அவர் 1883 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்கி வருகின்றது. இத்தகையவரின் கீழ்ப் பணியாற்றிய யொகான்சன், எண்ணிக்கையும் நிறையும் இன்றி எக்கருத்தையும் ஏற்கலாகாது என்னும் பழக்கத்தை உறுதியாகப் பெற்றார். விதை முதிர்தல், உறங்கல், முளைத்தல் ஆகியவற்றின்போது அதனுள் நிகழும் மாற்றங்களை அவர் அங்கே ஆராய்ந்தார்.

குளிர்காலத்தில் மரங்களின் அரும்புகள் உறக்க நிலையில் இருக்கும். ஈதர், குளோரோபோம் ஆகியவற்றின் ஆவியிற் சில நேரம் வைத்தால் அவ்வுறக்கம் கலைந்து அரும்புகள் விரியும் என்பதையும் அவர் கண்டறிந்தார். இதனாற் பூச்செடி வளர்ப்போர் பருவத்துக்கு முன்னரே செடிகளைப் பூக்கச் செய்து விற்க முடிந்தது. 1892 ஆம் ஆண்டிற் கொப்பனேகனிலுள்ள அரச கால்நடை மருத்துவ, கமத்தொழிற் கல்லூரியில் விரிவுரையாளரானார். கமக்காரரின் பயிர்களும் அவற்றின் விதைகளும் அவருடைய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாயின.

அக்காலத்து நம்பிக்கை

பயிர்களிலும் விலங்குகளிலும் காணும் சிறு சிறு வேறுபாடுகளைத் தெரிந்து பெருக்குவதாற் பெரிய மாற்றங்கள் உண்டாகலாம் என்னும் கருத்தை டார்வினின் நூல்கள் பரப்பியிருந்தன. டார்வினின் உறவினரான பிரான்சிசு கோல்ற்றன் என்னும் ஆங்கிலேயர் இதனை எண்கள் கொண்டு சோதிக்க முயன்றார். இனிய பட்டாணி என்னும் பூச்செடியின் விதைகளை ஏழு பருமன்களாகப் பிரித்து, 1875 ஆம் ஆண்டளவில் நண்பர்கள் பலரிடம் கொடுத்துப் பயிரிடச் செய்தார். பெரிய விதைகளின் வழிவந்தவை சராசரியிலும் பெரியனவாகவே இருந்தன. எனினும் தாய் விதைகள் அளவுக்குப் பெரியனவாக இருக்கவில்லை. சிறிய விதைகளின் வழிவந்தவை சராசரியிலும் சிறியன. எனினும் தாய் விதைகள் அளவுக்குச் சிறியன அல்ல. இரு பக்கத்திலும் வழித்தோன்றல்கள் நடுவை நோக்கிப் பின்வாங்கின. இது ஏன் என்பது அக்காலத்தில் விளங்கவில்லை.

இதற்கிடையிற் பயிர் வளர்ப்போர் சிலர் வேறொரு வழியாற் பயன் கண்டிருந்தனர். பிரான்சில் வில்மோரன் என்பவர் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சீனிப் பீற்றுக் கிழங்கைத் திருத்தியபோது, ஒரு செடியின் தகுதியை அச்செடியைக்கொண்டு மாத்திரமன்றி அதன் பிள்ளைகளைக்கொண்டும் மதித்தார். சுவீடன் நாட்டிலே சுவலோவ் என்னும் இடத்தில் 1886 ஆம் ஆண்டில் விதை திருத்தும் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஒரேயொரு செடியின் விதைகளிலிருந்து வந்த தானியப் பயிர் பெரும்பாலும் ஒரே சீராக இருப்பதையும், பல செடிகளின் விதைகளைக் கலந்து விதைத்த பயிர் அவ்வாறு இராமையையும் அங்குள்ளோர் கண்டனர். இக்காட்சிகளுக்குக் காரணம் கூற முன்வந்தவரே யொகான்சன்.

போஞ்சியைத் தெரிந்தமை

ஆராய்ச்சிக்கு அவர் பிரின்செசு என்னும் போஞ்சி வர்க்கத்தை எடுத்துக்கொண்டார். போஞ்சிப் பூவிலே மகரந்தம் அதே பூவின் சூலகத்தை அடைந்து கருக்கட்டல் நிகழ்கின்றது. அயற்செடியின் மகரந்தம் அங்கு சேர்தல் அரிது. ஆதலால் ஒரு விதையிலிருந்து தோன்றிய செடிக்கும், அதன் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் தாயும் தந்தையும் ஒன்றே. இவ்வாறு தன்மகரந்தச் சேர்க்கையாற் பெருகும் ஒரு தனிச் செடியின் சந்ததி முழுவதற்கும் அவர் 'தூயவழி' எனப் பெயரிட்டார்.

1900 ஆம் ஆண்டிலே கடையில் விற்கப்படும் கலப்பான போஞ்சி விதைகளைப் பெற்றுத் தொடங்கிய இச்சோதனை 19 தூயவழிகளாக வளர்ந்தது. ஒவ்வொரு வழியின் விதையும் மற்றொன்றோடு கலவாதபடி தனித்தனி விதைக்கப்பட்டது. தனித்தனி அறுவடை செய்யப்பட்டது. ஒவ்வொரு விதையும் தராசில் இடப்பட்டது. 1902 ஆம் ஆண்டின் அறுவடையில் மட்டும் 5,494 விதைகள் ஒவ்வொன்றாக நிறுக்கப்பட்டன. மருந்துக்கடையில் இளமையிற் பழகிய கைக்கு இவ்வேலை புதிதன்று.

அவர் பயன்படுத்திய அளவு சென்ரிகிராம். அது ஒரு கிராமின் நூற்றிலொரு பங்கு. எல்லா விதைகளையும் ஒன்றாகக் கொண்டால் ஒரு விதையின் சராசரி நிறை ஏறக்குறைய 48 சென்ரிகிராம். ஆனால் வழிகளைத் தனித்தனி பார்த்தபோது வேறுபாடு வெளிப்பட்டது. முதலாம் வழியின் சராசரி 64. பத்தொன்பதாம் வழியின் சராசரி 35. ஏனையவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டன. கடையில் ஒரே பெயரில் விற்கப்பட்ட அவ்விதைக் குவியல் உண்மையிற் பல வேறு வழிகளின் கலவை என்பது இதனாற் புலனாயிற்று.

சிறியதும் பெரியதும்

அடுத்து எழுந்த வினாவே முதன்மையானது. ஒரே வழியைச் சேர்ந்த விதைகளுள்ளும் சில பெரியன, சில சிறியன. அவற்றுட் பெரியதைத் தெரிந்து விதைத்தால் அடுத்த விளைவு பெரிதாகுமா?

இதனை அறிய 1902 ஆம் ஆண்டு முதல் 1907 ஆம் ஆண்டு வரை ஆறு அறுவடைகள் தொடர்ந்து அவர் தெரிவு செய்தார். ஒவ்வொரு வழியிலும் மிகச் சிறிய விதைகளை ஒரு புறமும், மிகப் பெரிய விதைகளை மறு புறமும் விதைத்தார். அவற்றின் விளைவிலிருந்து மீண்டும் சிறியவற்றிற் சிறியதையும், பெரியவற்றிற் பெரியதையும் எடுத்தார்.

பத்தொன்பதாம் வழியில் 1907 ஆம் ஆண்டுக்குரிய விளைவைப் பார்க்கலாம். ஒரு புறத்தில் விதைத்த சிறிய விதைகளின் சராசரி 24 சென்ரிகிராம். மறு புறத்தில் விதைத்த பெரியவற்றின் சராசரி 47. பெரியது சிறியதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆயின் இரு புறத்துச் செடிகளிலும் விளைந்த விதைகளின் சராசரி 37 ஆகவே இருந்தது. முதலாம் வழியில் அதே ஆண்டு சிறியவை 56, பெரியவை 81. அவற்றின் விளைவோ முறையே 69, 68. சிறிய விதையின் பிள்ளைகள் பெரியதன் பிள்ளைகளுக்கு எவ்வகையிலும் பின்னிற்கவில்லை. ஆறு முறை இடைவிடாது தெரிந்தும் வழியின் இயல்பு ஓர் அடியும் நகரவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் வழியின் விளைவு 1903 ஆம் ஆண்டில் இரு புறத்திலும் 40, 41 எனவும், 1904 ஆம் ஆண்டில் 31, 33 எனவும் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு சூழ்நிலை வேறுபட, அவ்வழி முழுவதும் ஒருங்கே உயர்ந்தது அல்லது தாழ்ந்தது. சிறிய விதையின் பிள்ளைகளும் பெரிய விதையின் பிள்ளைகளும் அவ்வாண்டின் நிலைக்கேற்ப ஒருமித்தே அசைந்தன.

காரணம் யாது?

ஒரே தூயவழியிலுள்ள விதைகள் ஏன் வேறுபடுகின்றன? ஒரு செடிக்கு எரு சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். இன்னொன்று நிழலில் நின்றிருக்கலாம். ஒரு காயின் நடுவிலுள்ள விதைக்கும் நுனியிலுள்ள விதைக்கும் கிடைக்கும் உணவு சமமன்று. இவை யாவும் விதையின் பருமனை மாற்றும். ஆனால் விதைக்குள்ளே இருந்து சந்ததிக்குச் செல்லும் பரம்பரை இயல்பை இவை மாற்றமாட்டா. ஒரே தாய் வயிற்றிற் பிறந்தோருள் ஒருவர் நன்றாக உண்டு பருத்திருக்கலாம், மற்றவர் மெலிந்திருக்கலாம். அதனால் முன்னவரின் பிள்ளைகள் பருத்தே பிறப்பர் என்று எவரும் கொள்வதில்லை.

அவ்வாறாயின், கலப்பான விதையிற் பெரியதைத் தெரிவதாற் பயன் கிடைப்பது எங்ஙனம்? கலவையிற் பெரிய விதைகளைப் பொறுக்கும்பொழுது, பெரிய விதை தரும் வழிகளைச் சேர்ந்தவை கூடுதலாகக் கைக்கு வருகின்றன. அவற்றோடு, சிறிய விதை தரும் வழிகளிற் பிறந்து நல்ல உணவால் மட்டும் பருத்தவையும் கலந்து வருகின்றன. முன்னவை தம் பருமனைச் சந்ததிக்குக் கொடுக்கும், பின்னவை கொடா. இதனாலேயே அடுத்த விளைவு சராசரியிலும் உயர்ந்து, ஆயினும் தாய் விதையளவுக்கு உயராது நடுவை நோக்கிப் பின்வாங்குகின்றது. கோல்ற்றன் கண்ட புதிருக்கு யொகான்சன் தந்த விடை இதுவே.

ஆகவே தெரிவு என்பது ஏற்கெனவே கலந்து கிடக்கும் வழிகளைப் பிரித்தெடுக்கும். இல்லாத இயல்பைப் புதிதாக ஆக்காது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது தமிழர் நன்கறிந்த பழமொழி. கலவை இருக்குமட்டும் தெரிவு பயன் தரும். ஒரே வழி எஞ்சியபின் எத்தனை ஆண்டு தெரிந்தாலும் அகப்பை வெறுமையாகவே மீளும்.

நூலும் எதிர்ப்பும்

இம்முடிவுகளை யொகான்சன் 1903 ஆம் ஆண்டிற் செர்மன் மொழியில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கோல்ற்றனின் கொள்கையொன்றைத் திருத்தும் அந்நூலை அவர் கோல்ற்றனுக்கே காணிக்கையாக்கினார். எண்களைக்கொண்டு பரம்பரையை ஆராயும் வழியைக் காட்டியவர் கோல்ற்றன் என்பதை அவர் மறக்கவில்லை. எனினும் இங்கிலாந்திற் கோல்ற்றனைப் பின்பற்றியோர் சிலர் அந்நூலைக் கடுமையாகக் கண்டித்தனர். யொகான்சன் வாதத்தோடு நில்லாது, அடுத்த நான்கு அறுவடைகளிலும் விதைகளை நிறுத்துக்கொண்டே சென்றார். 1907 ஆம் ஆண்டு வரையான எண்கள் அவருடைய முடிவையே மேலும் உறுதிப்படுத்தின.

அவ்வாண்டே, 1903 இல், கமத்தொழிற் கல்லூரியிற் பேராசிரியரானார். 1905 ஆம் ஆண்டிற் கொப்பனேகன் பல்கலைக்கழகம் அவரைத் தாவர உடற்றொழிலியற் பேராசிரியராக நியமித்தது. இளமையில் மாணவராக நுழைய இயலாதிருந்த பல்கலைக்கழகத்துக்கு அவர் 1917 ஆம் ஆண்டிலே தலைவராகவும் விளங்கினார்.

புதிய சொற்கள்

மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கலந்து கண்டறிந்து 1866 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரம்பரை விதிகள், நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900 ஆம் ஆண்டில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருந்தன. மெண்டலின் விதிகளையும் தம் போஞ்சிச் சோதனைகளையும் இணைத்து யொகான்சன் 1909 ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் எழுதினார். இன்று உலகெங்கும் வழங்கும் மூன்று சொற்கள் அந்நூலிலிருந்து பரவின.

முதலாவது, 'ஜீன்'. தமிழில் இது பரம்பரையலகு எனப்படும். தாய் தந்தையரிடமிருந்து சந்ததிக்குச் சென்று ஓர் இயல்பைத் தீர்மானிக்கும் அலகு இது. அது எப்பொருளால் ஆனது என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். ஆதலால் யொகான்சனும் அதுபற்றி எக்கொள்கையும் கூறாது, எண்ணிக் கணிப்பதற்கு ஏற்ற ஒரு குறுஞ்சொல்லாகவே அதனை ஆக்கினார். பரம்பரையலகு டீ.என்.ஏ. என்னும் பொருளின் ஒரு பகுதி என்பது 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தெளிவாயிற்று.

இரண்டாவது, தோற்றவமைப்பு. கண்ணாற் காண்பதும், தராசால் நிறுப்பதும், கோலால் அளப்பதும் இதுவே. மூன்றாவது, பிறப்புரிமையமைப்பு. செடியினுள் மறைந்திருந்து சந்ததிக்குச் செல்லும் பரம்பரையலகுகளின் தொகுதி இது. பரம்பரையும், மண், நீர், எரு, வெயில் ஆகியவையும் கூடியே தோற்றவமைப்பை ஆக்குகின்றன. விதையின் வழியாக அடுத்த போகத்துக்குச் செல்வதோ பிறப்புரிமையமைப்பு மட்டுமே. வரம்போரத்தில் எரு தின்று செழித்த கதிரின் செழிப்பு அந்த வரம்போடு தங்கிவிடும். விதையோடு கூடச் செல்லாது.

யொகான்சன் 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11 ஆந் திகதி காலமானார்.

இலங்கையின் நெல்லும் தூயவழியும்

நெல்லும் போஞ்சியைப்போலத் தன்மகரந்தச் சேர்க்கையுடைய பயிர். அயன்மகரந்தச் சேர்க்கை நெல்லில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாகவே பொதுவாக நிகழும். ஆதலால் யொகான்சன் கண்ட உண்மை நெல்லுக்கு முற்றும் பொருந்தியது. நம் முன்னோர் பயிரிட்ட நெல் வர்க்கம் ஒவ்வொன்றும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தும் பல தூயவழிகளின் கலவையாகவே இருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் இக்கலவைகளிலிருந்து தனிக் கதிர்கள் எடுக்கப்பட்டு, அவற்றின் சந்ததிகள் வேறு வேறாக வளர்த்துச் சோதிக்கப்பட்டு, சிறந்த தூயவழிகள் கமக்காரருக்கு வழங்கப்பட்டன. முருங்கைக்காயன் 302, பச்சைப்பெருமாள் 2462/11 என்பன அவ்வாறு வந்தவை. பெயரோடு ஒட்டி நிற்கும் எண், அது ஒரு பொது வர்க்கமன்று, தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு தனி வழி என்பதைக் காட்டும் அடையாளமாகும்.

யொகான்சன் கூறிய எல்லையும் இங்கே வந்து சேர்ந்தது. தூயவழியாகிய பின்னர் அதற்குள் மேலும் தெரிவதாற் பயனில்லை. முன்னேற்றம் வேண்டின் இரண்டு வழிகளைக் கலந்து, ஒன்றிலுள்ள நல்லியல்பையும் மற்றொன்றிலுள்ள நல்லியல்பையும் ஒரு செடியிற் சேர்த்தல் வேண்டும். முருங்கைக்காயன் 302 என்னும் வழியையும் இந்தோனேசியாவைச் சேர்ந்த மாஸ் என்னும் வர்க்கத்தையும் கலந்து பெற்ற எச். 4 என்னும் நெல் 1958 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு, அடுத்த பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவியது. பின்னர் வந்த பீ.ஜீ. வர்க்கங்களின் பெயரிலுள்ள எழுத்துக்கள் அவை உருவான பத்தலகொடை நிலையத்தைக் குறிப்பன. கலப்பிற் பிறந்த சந்ததிகள் முதலிற் பலவாறாகப் பிரியும். அவற்றிலிருந்து தனிச் செடிகளைத் தெரிந்து, தலைமுறை தலைமுறையாகத் தனித்தனி வளர்த்து, இயல்பு நிலைத்த ஒரு வழியைப் பெறுவதற்கு யொகான்சனின் முறையே இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது.

கமக்காரர் மனத்திற் கொள்ள வேண்டியவை

1. மணியைத் தெரிதலும் செடியைத் தெரிதலும் வேறு வேறு. விதைநெல்லை உப்புநீரில் இட்டுப் பதரையும் நிரம்பாத மணியையும் நீக்குதல் நற்பழக்கமே. நிரம்பிய மணி நன்கு முளைக்கும். நாற்றும் வலுவாக இருக்கும். ஆனால் அதனால் வர்க்கத்தின் பரம்பரை உயர்ந்துவிடாது. அவ்வேலை ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்பட வேண்டியது.

2. பழைய கலப்பு வர்க்கம் ஒன்றைத் திருத்த விரும்புவோர் வயலின் நடுப்பகுதியிற் சமமான நிலத்தில் நிற்கும் செடிகளிலிருந்தே கதிர் எடுத்தல் வேண்டும். வரம்போரம், எருக் குவித்த இடம், அயற்செடி அழிந்து வெளியான இடம் ஆகியவற்றில் நிற்கும் செழித்த செடிகள் ஏமாற்றும்.

3. எடுத்த கதிர்களை ஒன்றாகக் கொட்டுதல் ஆகாது. கதிருக்கு ஒரு வரியாக, ஒரே மண்ணில், ஒரே நாளில், ஒரே அளவு பசளையிட்டு வளர்த்தல் வேண்டும். பழைய விதையையும் இடையிடையே ஒரு வரியாக விதைத்து ஒப்பிடுக. உயரத்திலும் பூக்கும் நாளிலும் ஒத்திராத வரிகளை நீக்குக. எஞ்சிய வரிகளை ஒரு போகத்தோடு முடிவு கட்டாது, மூன்று போகமாவது பார்த்து மதிப்பிடுக. கதிரின் தகுதியை அதன் பிள்ளைகளே கூறும்.

4. வழங்கப்பட்ட தூய விதையைச் சில போகம் விதைத்தபின், விதை களைத்துவிட்டது எனச் சிலர் கூறுவர். விதை களைப்பதில்லை, கலப்படைகின்றது. களத்தில் எஞ்சிய வேறு நெல், துப்புரவு செய்யாத சாக்கு, சூடடிக்கும் இயந்திரத்தில் தங்கிய மணி, முன்போகத்தில் உதிர்ந்து தானே முளைத்த செடி என்பனவே பெரும்பாலும் இக்கலப்புக்குக் காரணம். அரிதாக நிகழும் அயன்மகரந்தச் சேர்க்கையாலும், பரம்பரையலகில் எப்போதாவது தாமாகத் தோன்றும் மாற்றத்தாலும் புதிய செடிகள் உண்டாகலாம். ஆகவே விதைக்கென ஒதுக்கிய பாத்தியில் உயரத்தாலும் நிறத்தாலும் வேறுபடும் செடிகளைப் பூக்கும்போதும் முதிரும்போதும் பிடுங்கிவிடுதல் வேண்டும்.

5. மரக்கறிப் பயிர் யாவும் போஞ்சியைப் போன்றவை அல்ல. போஞ்சி, பயற்றை, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையவை. தூயவழியைப் பேணுதல் எளிது. கத்தரி, மிளகாய், வெண்டி ஆகியவற்றில் பூச்சிகளால் ஓரளவு கலப்பு நிகழும். விதைச் செடியை வேறு வர்க்கத்துக்குத் தூரமாக வைத்தல் நன்று. பூசணி, பாகல், புடோல் ஆகியவற்றிற் பூச்சிகளாலும், சோளத்திற் காற்றாலும் மகரந்தம் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். இவற்றில் விதையின் தாயை அறியலாம். தந்தையை அறிதல் அரிது. அன்றியும் சோளம் தன்னுள்ளேயே தொடர்ந்து கருக்கட்டப்பட்டால் வலிமை குன்றும். ஆகவே இதன் விதையை ஒரு செடியிலிருந்தன்றிப் பல நல்ல செடிகளிலிருந்து சேர்க்க வேண்டும்.

6. முதற்றலைமுறைக் கலப்பின விதையிலிருந்து பெற்ற பயிரின் விதையை மீண்டும் விதைத்தால், அதன் சந்ததி பலவாறாகப் பிரிந்து சீர்கெடும். அத்தகைய விதையை ஒவ்வொரு போகமும் புதிதாகப் பெறுதல் வேண்டும்.

7. பழைய வர்க்கங்களை அடியோடு கைவிடலாகாது. ஒரு தூயவழி தனக்குரிய நல்லியல்பையும் குறையையும் ஒருங்கே சுமந்து நிற்கும். புதிய நோயோ கடும் வரட்சியோ அதனைத் தாக்கின் வயல் முழுவதும் ஒருங்கே பாதிக்கப்படும். வேறு இயல்பைத் தேடிச் செல்லுமிடம் பழைய கலவைகளே. அவற்றின் விதைகள் கன்னொறுவையிலுள்ள விதைக் களஞ்சியத்திற் பேணப்படுகின்றன. கமக்காரரும் தம்மிடம் எஞ்சியுள்ள பழைய விதையிற் சிறிதளவையாவது ஆண்டுதோறும் ஒரு மூலையில் விதைத்துக் காத்தல் வேண்டும்.

நல்ல மண்ணும் நீரும் பசளையும் அவ்வாண்டு விளைவைப் பெருக்கும். நல்ல பரம்பரை வருகின்ற ஆண்டுகளின் விளைவையும் பெருக்கும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்காது, ஒவ்வொன்றுக்கும் உரிய கவனத்தைச் செலுத்துதலே கமக்காரரின் கடன். அடுத்த அறுவடைக்கு முன்னர், சூடடித்துக் குவித்தபின்னன்றி, பயிர் நிற்கும்போதே வயலில் இறங்கி விதைக்குரிய செடிகளைப் பார்த்துக் குறியிட்டு வைப்பாராக.